முகாமில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் மற்றவர்களை யார் பார்ப்பது?

இளைஞர் குழுவோடு கிளம்பும் தன்னார்வலர்கள் முதலுதவிப் பெட்டியை மறப்பதில்லை. ஆள் பங்கீட்டைத்தான் மறக்கிறார்கள். ஒருவனுக்கு ரத்தம் வந்ததும் பெரியவர்கள் அத்தனை பேரும் அவனிடம் ஓடிவிடுவார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னவனை அப்போது யாரும் கவனிப்பதில்லை.

அதனால் கிளம்பும் முன்பே மூன்று வேலைகளுக்கு ஆள் குறித்துவிடுங்கள். ஒருவர் அடிபட்டவரோடு இருப்பார். ஒருவர் போன் பேசுவார். மூன்றாமவர் மற்ற பிள்ளைகளைத் தள்ளி அழைத்துப்போய் உட்காரவைத்துத் தலை எண்ணுவார். பெரியவர்கள் இருவர்தான் என்றால் முதலாமவரே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும். அடிபட்டவரோடு ஒருவர் மருத்துவமனைக்குப் போய்விட்டால் மிச்சக் குழுவுக்கு ஆள் போதாது. கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவரையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸை அழைக்கும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தாலும் வண்டி எங்கே வர வேண்டும் என்பது தெரிந்திருக்கும். பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர், வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பதை முகாமுக்குப் போய் இறங்கியதுமே பார்த்துவிட வேண்டும்.

தீக்காயத்தில்தான் தவறு அதிகம். இரண்டு நிமிடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பற்பசை தடவுகிறார்கள். தோலின் மேற்பரப்பு ஆறினாலும் உள்ளே சூடு தங்கியிருக்கும். காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது, எண்ணெய் கூடாது. வீக்கம் வருமுன் மோதிரம், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். நீர் ஊற்றும்போது சின்னப் பிள்ளைகளுக்கு உடல் சில்லிட்டுவிடும், மற்ற பாகத்தைப் போர்த்தி வையுங்கள். காயம் பிள்ளையின் கையளவுக்கு மேல் இருந்தாலோ, முகம், கை, மூட்டுகளில் பட்டிருந்தாலோ மருத்துவமனைதான்.

வெட்டுக்காயத்துக்குச் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாத்தச் சொல்லாதீர்கள். முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தலையில் அடி என்றால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் சொன்னாலும் அன்று விளையாட்டு கிடையாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழறல், வலிப்பு, காதிலிருந்து தெளிந்த நீர், ஒரு நொடியாவது நினைவு தப்பியது: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். ஆகவே இரவு கவனிக்கப்போகும் பெற்றோருக்கு அடிபட்ட விஷயம் அன்றே தெரிய வேண்டும்.

ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வேறு ரகம். மருந்து இருக்கும், ஆனால் பேருந்தில் பூட்டிய பைக்குள் இருக்கும். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரும் கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியும் அந்தப் பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். கடும் ஒவ்வாமையில் நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் அரிப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அந்தப் பிள்ளைக்கென்று கொடுத்திருக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம், உடைக்கு மேலேயே போட்டு, ஆம்புலன்ஸை அழையுங்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் கால் நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்கவிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

மற்ற பிள்ளைகளின் போன்வழி செய்தி பரவும் முன் பெற்றோரிடம் நீங்கள் பேசிவிடுங்கள். பதிவேட்டில் அன்றைக்கே எழுதுங்கள். "கவனக்குறைவால் விழுந்தான்" என்பது உங்கள் அபிப்பிராயம், அது வேண்டாம். "மாலை 4.20, ஈரமாயிருந்த மூன்றாம் படியில் வழுக்கினான், இடது மணிக்கட்டில் வீக்கம், 4.25-க்குத் துணியில் சுற்றிய ஐஸ் வைத்தோம்" என்று எழுதினால் மருத்துவருக்கும் உதவும், அந்தப் படியைச் சரிசெய்ய வேண்டியவருக்கும் உதவும். யாரும் விழாமல் வழுக்க மட்டும் செய்திருந்தாலும் அந்தப் படியைப் பற்றி ஒரு வரி எழுதி வையுங்கள்.