அடியாத மாடும் படிக்கும்

எங்கள் வீட்டில் தங்கி கோட்டையில் வேலைக்குப் போய்வரும் மச்சாளுக்குச் சோதனைப் பெறுபேறு வந்தது 100ஆம் இலக்க பஸ்ஸுக்குள், பம்பலப்பிட்டிச் சந்தியில். கணக்கியலில் வரிப் பாடம், இரண்டாவது முறையும் பெயில். வெள்ளவத்தையில் இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து, "நான் சரியான மொக்கு, மாமி" என்றாள். அம்மா ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியை நீட்டினார். அதன் பிறகு மூன்று கிழமை அந்தப் புத்தகம் மேசையிலேயே கிடந்தது. அதன்மேல் மடித்த உடுப்புகள் ஏறின.

பார்ப்பவர்களுக்கு அது சோம்பல். மூளைக்குள் நடந்தது வேறு. பிரித்தானிய உளவியலாளர் போல் கில்பேர்ட்டின் விளக்கப்படி, ஆபத்தென்றால் உடம்பை உசுப்பும் அமைப்புக்கு ஏச்சு எங்கிருந்து வருகிறது என்பது பொருட்டில்லை. ஒழுங்கையில் நாய் துரத்தினாலும், நம்மை நாமே ஏசினாலும் அது விழித்துக்கொள்ளும். அப்போது மூளையில் நோர்அட்ரினலின் போன்ற இரசாயனங்கள் பெருகும். நெருக்கடி கடுமையானால் அவை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் இணைப்புகளைத் தளர்த்திவிடும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நாலு தொகையை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பதும், 'எந்த இடத்தில் பிழைவிட்டேன்' என்று திரும்பிப் பார்ப்பதும் அந்தப் பகுதியின் வேலை. வரிக் கணக்குக்கு வேண்டியதே அதுதான். போதாததற்கு, புத்தகத்தைக் கண்டாலே ஏச்சு நினைவுக்கு வருவதால் புத்தகமும் நாயாகிவிடுகிறது. கிட்டப் போகாமல் இருப்பதே சுகம்.

மாற்றுவழியைச் சொல்லத் தொடங்கினால் தமிழ் காலை வாரிவிடுகிறது. 'தன்னிரக்கம்' என்றால் நமக்கு மூலையில் குந்தி அழுவது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் அளவுகோல் அமைத்து அளக்கத் தொடங்கியது அதையல்ல. தற்பரிவு என்று வைத்துக்கொள்வோம். பெயிலான சிநேகிதியோடு பேசுவதுபோல் தன்னோடு பேசுவது, சறுக்கல் எல்லோருக்கும் வழமை என்று உணர்வது, நோவைப் பெருப்பிக்காமலும் ஒளிக்காமலும் பார்ப்பது, இந்த மூன்றும் சேர்ந்தது.

'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதில் சந்தேகம் இருந்தது. தடவிக்கொடுத்தால் பிள்ளை படுத்துவிடாதா? அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கடினமான சொற்சோதனை ஒன்று. முடிந்ததும் ஒரு குழுவுக்கு, 'கஷ்டமாக இருந்ததா? எல்லோருக்கும் அப்படித்தான், உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்' என்று சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, 'இங்கே இடம் கிடைத்ததே, நீங்கள் கெட்டிக்காரராகத்தான் இருக்க வேண்டும்' என்று புகழ்ச்சி. அடுத்த சோதனைக்கு விரும்பிய அளவு நேரம் படிக்கலாம் என்றபோது, பரிவுச் சொல் கேட்டவர்கள்தான் கூடுதல் நேரம் படித்தார்கள். புகழ்ச்சி அவ்வளவு வேலை செய்யவில்லை. 'நீ கெட்டிக்காரி' என்று தேற்றும் நம் மாமாமார் கவனிக்க.

ஆனால் பரிவு நாயை விரட்டுமே தவிரப் புத்தகத்தைத் திறந்து தராது. அதற்கு ஜெர்மன் உளவியலாளர் பீற்றர் கோல்விட்ஸரிடம் வர வேண்டும். ஜெர்மன் மாணவர்களிடம் நத்தார் முந்தின இரவை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி கேட்டார்கள். எப்போது, எங்கே இருந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். நேரமும் இடமும் குறிக்கப்பட்டால், அந்தக் கட்டம் வந்ததும் வேலை தன்பாட்டில் நினைவுக்கு வருகிறது. 'இந்த முறை கட்டாயம் படிப்பேன்' என்ற வைராக்கியத்துக்கு அப்படித் தொங்க ஒரு கொளுக்கி இல்லை.

இதையெல்லாம் மச்சாளிடம் சொன்னபோது, "உங்கட விஞ்ஞானம் பஸ் பிந்தினா என்ன செய்யும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இப்போது குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு துண்டு ஒட்டியிருக்கிறது. 'இரவு பிளேன்ரீ ஊத்தினவுடன, குசினி மேசையில ஒரு வரிக் கணக்கு.' அதற்குக் கீழே, வேறு பேனையில்: 'பஸ் பிந்தினா, விடிய பாண் வாங்கி வந்தவுடன. ஏச்சு இல்லை.'