பிராஞ்ச் என்பது பூட்டு இல்லை

போன வாரம் ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்திலிருந்து போன். முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். "சார், கடலூர்ப் பையன் ஒருத்தனுக்கு லாகின் பக்கம் செய்யத்தான் ஆக்சஸ் கொடுத்தேன். அவன் எங்க பேமென்ட் கீ வரைக்கும் பார்த்திருக்கான்!"

போய்ப் பார்த்தேன். பையன் எதையும் தோண்டவில்லை. ரிப்போவை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிடங்கு) குளோன் செய்திருக்கிறான், அதாவது நகல் எடுத்திருக்கிறான்; எல்லா பிராஞ்சும் (ஒரே நிரலின் தனித்தனி வேலைக் கிளைகள்) வந்திருக்கிறது, ஒன்றில் அந்த ரகசிய கீ கிடந்திருக்கிறது. "அண்ணா, இது இங்க இருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். கேட்டதற்குத்தான் அத்தனை திட்டு. இந்த வருஷத்தில் இதே கதை எனக்கு நாலாவது தடவை.

தயவுசெய்து கேளுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் பிராஞ்ச் என்பது தனி அறை இல்லை. கடைசி கமிட்டை (பதிவு செய்த மாற்றத்தை) காட்டும் ஒரு சீட்டு, அவ்வளவுதான். உங்கள் கம்ப்யூட்டரில் அது பெரும்பாலும் 41 பைட் கோப்பு: அந்த கமிட்டின் அடையாளமான 40 எழுத்து, கடைசியில் ஒரு வரி முடிவு. அதில் எங்கே பூட்டுவீர்கள்? ரிப்போவைப் படிக்க ஒருவருக்கு அனுமதி இருந்தால் எல்லா பிராஞ்சையும் படிக்கலாம். ஒரே ஒரு பிராஞ்சை மட்டும் குளோன் செய்ய வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது டவுன்லோடு நேரத்தை மிச்சம் பிடிக்க வந்தது. நாளைக்கே அவர் மீதியையும் எடுத்துக்கொள்ளலாம். "புரொடக்டட் பிராஞ்ச்" என்று போட்டிருக்கிறோமே? அது யார் புஷ் செய்யலாம் (மாற்றத்தை ரிப்போவில் ஏற்றலாம்), யார் மெர்ஜ் செய்யலாம் (இன்னொரு பிராஞ்சை அதில் சேர்க்கலாம்), யார் அழிக்கலாம் என்பதற்கு. பார்ப்பதை அது தடுக்காது. தடுக்கவே தடுக்காது.

(கிட்டுக்கு முன்பே இதே வேலைக்கு வந்த சப்வெர்ஷன் மென்பொருளில் வளர்ந்த ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே பிராஞ்ச் ஒரு ஃபோல்டர். ஃபோல்டர்வாரியாகப் படிக்கும் அனுமதியைத் தடுக்கலாம். அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.)

முதலாளி அடுத்துச் செய்தது இன்னும் மோசம்: அந்த பிராஞ்சை அழித்துவிட்டு "சரி, முடிஞ்சது" என்றார். அழிந்தது சீட்டுதான். பையனின் லேப்டாப்பில் கமிட் அப்படியே இருக்கிறது. கீ ஒருமுறை புஷ் ஆகிவிட்டால் அதை மாற்றியே ஆகவேண்டும். மாற்ற வைத்தேன், பத்து நிமிஷ வேலை.

அப்புறம் ஆட்கள் பட்டியலைத் திறந்தேன். பதினோரு பேர், பதினோரு பேரும் அட்மின்! அதில் மூன்று பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். எவனோ ஒருவன் அழித்தால் ரிப்போவே போய்விடும் ஐயா. இரண்டு அட்மின் போதும். மற்றவர்களுக்கு, ரிப்போ கிட்ஹப் தளத்தில் இருந்தால் ரைட் (எழுதும்) அனுமதி, கிட்லேப் தளம் என்றால் டெவலப்பர் அனுமதி. வேலையை விட்டவரை அன்று மாலையே எடுங்கள், அவர் போட்ட டிப்ளாய் கீயையும் (சர்வர் ரிப்போவுக்குள் நுழையும் சாவி) சேர்த்து. மெயின் என்ற முக்கிய பிராஞ்சில் நேரடி புஷ்ஷை நிறுத்துங்கள், பழைய வரலாற்றையே மாற்றி எழுதும் ஃபோர்ஸ் புஷ்ஷையும்தான். கிட்ஹப் இலவசக் கணக்கில் பிரைவேட் ரிப்போவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, கிட்லேபில் இலவசத்திலும் உண்டு. வெளியாள் பார்க்கக்கூடாதது எதுவானாலும் தனி ரிப்போவில் வையுங்கள். பாஸ்வேர்டும் கீயும் எந்த ரிப்போவிலும் வேண்டாம்.

ஒரு விஷயம் சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். லாகின் பக்கத்துக்கான பணம் அந்தப் பையனுக்கு இன்னும் வரவில்லையாம். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.