ஏ.ஆர். காப்பியில் முதல் வரி

சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துவது என் தொழில். அதனால் தெரிந்தவர்கள் வீட்டில் யார் அடிபட்டாலும் எனக்கு ஒரு போன் வரும். பெரும்பாலும் அது நாலைந்து நாள் கழித்துத்தான் வரும். "சார், கேஸ் போடலாமா?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "ஏ.ஆர். காப்பி வாங்கிட்டீங்களா? அதுல என்ன எழுதியிருக்கு?"

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் பதிவு செய்யும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்தான் ஏ.ஆர். எத்தனை மணிக்கு வந்தார், யார் அழைத்து வந்தார், எங்கெங்கே காயம், எப்படி அடிபட்டது என்று அதில் இருக்கும். இந்தக் கடைசி விவரத்தை டாக்டர் நேரில் பார்த்து எழுதவில்லை. பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்டு எழுதுகிறார். கூட வந்தவர் பதற்றத்தில், "வண்டியிலேர்ந்து விழுந்துட்டார் டாக்டர்" என்று சொன்னால், இரு சக்கர வாகனத்திலிருந்து தானாக விழுந்தார் என்று அங்கே பதிவாகிவிடும்.

அப்படி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. பைக்கில் போனவரை ஒரு கார் பக்கவாட்டில் இடித்தது. கால் எலும்பு முறிவு. மைத்துனர்தான் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கார்க்காரரும் கூடவே வந்து, "செலவெல்லாம் நான் பார்த்துக்கறேன், போலீஸ் கேஸ் மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சியிருக்கிறார். பாவம் பார்த்து மைத்துனரும் "ஸ்கிட் ஆகி விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிந்தபிறகு கார்க்காரர் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குப் போய், எஃப்.ஐ.ஆரில் கார் நம்பர் ஏறியது. கோர்ட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஏ.ஆர். காப்பியைக் காட்டி, இழப்பீட்டுக்காகவே இந்தக் காரைப் பிறகு சேர்த்தார்கள் என்று வாதாடினார். உண்மையாக நடந்த விபத்தை உண்மை என்று நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதனால் கேஷுவாலிட்டியில் கேட்கும்போது நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்: எந்த இடம், சுமார் எத்தனை மணி, எந்த வண்டி எந்தப் பக்கத்திலிருந்து மோதியது. நம்பர் தெரிந்தால் நம்பர். தெரியாவிட்டால் "நம்பர் தெரியாத வெள்ளைக் கார்" என்றாவது சொல்லுங்கள். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அங்கேயும் தனியாகப் பதிவு போடுவார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இதே வரி வரும், வீட்டுக்குக் கிளம்பும்முன் படித்துப் பாருங்கள்.

இதெல்லாம் உயிர் பிழைத்த பிறகு உள்ள கவலை. முதலில் 108. பணத்தை நினைத்து யாரும் தயங்க வேண்டியதில்லை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரத்துக்கு அரசு நிர்ணயித்த வரம்புக்குள் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் வெளிமாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும். மத்திய அரசின் 2025 திட்டத்தில் ஏழு நாள் வரை, ரூ.1.5 லட்சத்துக்குள் கட்டணமில்லா சிகிச்சை உண்டு. உதவிக்கு வருபவர்களும் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரியைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இனி, காரை ஓட்டியவர் நீங்களாக இருந்தால்? வண்டியை நிறுத்துங்கள். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வது 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் சேர்ந்து தர்ம அடி விழும் நிலைமை என்றால்? சட்டம் எழுதியவர்களுக்கும் நம் ஊர் தெரிந்திருக்கிறது, கும்பலின் கோபத்தை விதிவிலக்காக அந்தப் பிரிவிலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்படி விலக நேர்ந்தால் நேராகப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு மறுநாள் வக்கீலைத் தேடினால் ஓடிப்போனவர் என்றுதான் பதிவாகும். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினான் என்பதற்காக டிரைவரை மாற்றிக் காட்டும் வேலை வேண்டவே வேண்டாம். சிசிடிவியும் செல்போன் பதிவுகளும் இருக்கும் காலத்தில் அது நிற்பதில்லை. விபத்து வழக்கோடு பொய் சாட்சியம் செய்த வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

வண்டிகளை ஓரங்கட்டுமுன், ஆபத்தில்லை என்றால், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், கண்ணாடிச் சில்லு சிதறிய இடம் எல்லாம் தெரிய வேண்டும். டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், ஓடிக்கொண்டே இருந்தால் பழையதன்மேல் பதிந்துவிடும். எதிர்க்கடை கேமராவும் அப்படித்தான், சில வாரம் போனால் ஒன்றும் கிடைக்காது.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. யாருக்காவது காயம் என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகவே தர வேண்டும். சற்றுத் தாமதமாகிவிட்டாலும் மனம் தளர வேண்டாம், எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

காலக்கெடு விஷயத்தில்தான் பழைய நினைப்பு பலரைக் கெடுக்கிறது. "எப்ப வேணா போடலாம்" என்பது ஒரு காலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பது உண்மை, அதை நம்பி நீங்கள் தள்ளிப்போட வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. உளுந்தூர்பேட்டையில் அடிபட்டவர் திருநெல்வேலிக்காரர் என்றால் திருநெல்வேலியிலேயே போடலாம்.

மோதிய வண்டி எது என்றே தெரியவில்லையா? அதற்கும் வழி உண்டு. மோதிவிட்டு ஓடிய வண்டிகளுக்கான திட்டத்தில் இறப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. இந்தத் தொகை போதாது என்பதுதான் என் கருத்து, ஆனால் இதுகூடக் கிடைக்கும் என்று தெரியாமல் விட்டவர்கள் நிறைய.

உங்கள் காரின் சேதத்துக்கு கிளெய்ம் போடுவது தனிக் கதை. கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்முன் ஒரு ஸ்க்ரூவையும் கழற்ற விடாதீர்கள். முன்பக்கம் நசுங்கி ஆயிலோ கூலன்டோ ஒழுகினால் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் இன்ஜின் போனால், அது விபத்தில் வந்த சேதம் இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள்.

என் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து, "எங்க சார் எல்லாம் பார்த்துக்குவார்" என்று வெற்று வக்காலத்தில் கையெழுத்து கேட்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. வார்டிலேயே கையெழுத்துப் போடும் அவசரம் இல்லை, தேறி எழுந்தபின், அந்த ஆறு மாதக் கெடுவுக்குள், உங்களுக்குத் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

அதுவரை பில்களைப் பத்திரமாக வையுங்கள். மருந்துக்கடைச் சீட்டு, ஆம்புலன்ஸ் ரசீது, எக்ஸ்ரே, ஸ்கேன் பிலிம், லீவு எடுத்ததற்கான கடிதம், சம்பளச் சீட்டு எல்லாமே தேவைப்படும். மெடிகிளெய்ம் இருந்தால் அவர்கள் ஒரிஜினல் பில்லையே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும்முன் ஆஸ்பத்திரியிலேயே சீல் வைத்த நகல் ஒரு செட் வாங்கிவிடுங்கள், தீர்ப்பாயத்தில் அதைத்தான் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.