மடிக்கணினியின் கோழித்தூக்கம்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு காலையில் அழாக்குறையாக வந்து நின்றாள். "ராத்திரி மூடிதான் வைத்தேன் சித்தப்பா, அணைக்கவில்லை. இப்போது திறந்தால் புதிதாகத் தொடங்குகிறது. எழுதிய எட்டுப் பக்கமும் போய்விட்டது." ஒரு வாரத்தில் இது மூன்றாம் முறை.

மூடி வைத்த மடிக்கணினி தூங்குவது கோழித்தூக்கம்தான். வழக்கமான தூக்க நிலையில் திரையும் செயலியும் விசிறியும் அணைந்துவிடும். நடக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேம் மட்டும் விழித்திருக்கும். 1968-இல் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் வழிவந்தது இன்றைய ரேம். அதன் ஒவ்வொரு நினைவறையிலும் ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கி இருக்கிறது. ஓட்டைக் குடத்து நீர்போல அதிலிருந்து மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லிவிநாடிக்குள் ஒவ்வோர் அறையையும் மீண்டும் நிரப்பியாக வேண்டும். தூக்கத்தில் இந்த வேலையை ரேமே பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தேவை கொஞ்சம் மின்சாரம். அந்தக் கொஞ்சமும் அறுந்தால் சேமிக்காதது எல்லாம் போய்விடும்.

தூக்கத்தில் கணினி விழுவதற்கு இது ஒரு வழி. இன்னொன்று, கருவிகளை இயக்கும் நிரல்களான டிரைவர்களால் வருவது. தூங்கும் முன் விண்டோஸ் ஒவ்வொரு கருவியிடமும் "அடங்கு" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்கும். வைஃபை, திரை அட்டை ஆகியவற்றின் டிரைவர்களில் ஒன்று பதிலே தராமல் இருந்துவிட்டால், விண்டோஸ் பிழையை அறிவிக்கும் நீலத்திரையைக் காட்டி, தானே மறுபடி தொடங்கிவிடும். மூடிய மூடிக்குள் அந்த நீலத்திரையை யார் பார்ப்பது?

இரண்டில் எது நடந்தது என்று அறிய, கணினியில் நடந்தவற்றைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தோம். 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருந்தது. இதைப் பார்த்ததும் மின்சாரப் பகுதியில்தான் கோளாறு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. முறையாக அணையாமல் கணினி நின்றுபோனது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அதன் விவரங்களுக்குள் 'பக்செக்கோட்' என்று, நீலத்திரைக்கான காரண எண்ணைக் காட்டும் ஒரு வரி இருக்கும்; பார்க்க வேண்டியது அதைத்தான். அங்கே 159 இருந்தால், தூக்கத்துக்கு அடங்காத டிரைவர் மேல் சந்தேகம் போக வேண்டும். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவர்களையும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸையும் புதுப்பிப்பது முதல் வேலை. 41-க்குப் பதிலாக 1074 இருந்தால், ஏதோ ஒரு நிரல் கேட்டு நடந்த மறுதொடக்கம் அது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்.

எங்கள் கணினியில் அந்த வரியில் இருந்தது பூஜ்யம்; அதாவது, நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை. பதிவின் நேரமோ காலை 6.40, அவள் கணினியைத் திறந்த அதே நேரம். 41 எழுதப்படுவது அடுத்த முறை தொடங்கும்போதுதான். நீலத்திரை வந்து தானே மறுபடி தொடங்கியிருந்தால், நள்ளிரவு நேரமல்லவா பதிவாகியிருக்கும்? ஆக, கணினி இரவில் செத்து, காலை வரை அப்படியே கிடந்திருக்கிறது.

"ராத்திரி மின்சாரம் போனதா?" என்று கேட்டேன். ஆடி மாதம், காற்று பேயாய் அடித்துக்கொண்டிருந்தது. விசிறி நின்று விழித்துக்கொண்டதாகவும், சற்று நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டதாகவும் சொன்னாள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன். திரை அந்தக் கணமே இருண்டது. எப்போதும் சார்ஜரிலேயே கிடந்ததால், பேட்டரி செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

பேட்டரி மாற்றும் வரை தூக்கத்தை விட்டு ஹைபர்னேட்டுக்கு மாறச் சொன்னேன். அதில் ரேமில் உள்ளது முழுவதும் வட்டில் எழுதப்பட்ட பிறகே கணினி அணைகிறது; வட்டுக்குக் காவல் மின்சாரம் வேண்டாம். பையில் வைத்த கணினி சுடுகிறது என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தூக்கத்திலும் செயலி முழுதாக அணைவதில்லை. இணையத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில், காற்றுப் புகாத பைக்குள், அந்தச் சூட்டிலேயே அது அணைந்துவிடக்கூடும்.

பழைய பேட்டரியைக் கழற்றியபோது அதன் நடுப்பகுதி லேசாக உப்பியிருந்தது. உங்கள் டச்பேடு மேலெழும்பி நின்றாலோ, அடிப்பலகை மேசையில் ஆடினாலோ, அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.