படம் அழகாக இருக்கிறது. உயர அச்சில் இருக்கும் எண்ணைப் பார்த்தீர்களா?

கணினி வரைந்த தவறான படத்தை, அச்சு எண்களைப் பார்க்காமலேயே மாணவர்கள் கொண்டுவருவது இந்தப் பருவத்தில் மட்டும் இது நான்காவது முறை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். உதகையில் கணித மாணவர்களுக்குக் கணினிச் செய்முறை வகுப்பு எடுக்கும் நான், துணையலகுப் பரப்புகளுக்கு (ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் இரண்டு துணை மாறிகளால் சொல்லும் பரப்புகளுக்கு) ஆண்டுதோறும் கொடுக்கும் பயிற்சி, முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை க்னுபிளாட் என்ற வரைபட மென்பொருளில் வரைவது. கண்ணெதிரே நிற்கும் பொருள் என்பதால் தவறு நேர்ந்தால் உடனே தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

சென்ற வாரம் ஒரு மாணவர் கொண்டுவந்த தாளில், சரிவில் படுத்திருக்கும் நீண்ட தொட்டி போன்ற பரப்பு நேர்த்தியான வண்ணத்தில் வந்திருந்தது. உயர அச்சின் அடியில் மைனஸ் 500 என்று அச்சாகியிருந்தது. வடக்கு நோக்கிய அச்சோ பத்து மீட்டரைக்கூட எட்டவில்லை. அதாவது, 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியை அவர் பூமிக்குள் செங்குத்தாக இறக்கியிருந்தார். கேட்டபோது, "சாஃப்ட்வேர்தாங்க சார் போட்டுச்சு, அது எப்படித் தப்பாகும்?" என்றார்.

நடந்தது எளிது. தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதற்காக, இவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்திருக்கும் மலைச்சரிவில் அதை அமைத்தார்கள். மாணவர் அந்த 11-ஐ அப்படியே கொடுத்தார்; நாம் மாற்றாதவரை க்னுபிளாட் கோணத்தை ரேடியனாகவே (ஒரு ரேடியன் ஏறத்தாழ 57 டிகிரி) எடுத்துக்கொள்ளும். 11 ரேடியனின் சைன் மதிப்பு கிட்டத்தட்ட மைனஸ் 1, கொசைன் 0.0044. டிகிரியில் கணக்கிட்டிருந்தால் தொலைநோக்கி 520 மீட்டர் வடக்கே போய் 101 மீட்டர் ஏறியிருக்கும்.

இந்தப் பிழையைவிட என்னை வருத்துவது, படத்தைப் பார்த்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை என்பதே. மென்பொருள் வரைந்துவிட்டால் அதுவே பரப்பின் உண்மையான வடிவம் என்ற எண்ணம் மாணவர்களிடம் மட்டுமல்ல, ஆய்வேடு எழுதுபவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. மென்பொருள் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக இழுத்தோ சுருக்கியோ தன் பெட்டிக்குள் அடக்குகிறது. பத்து மீட்டருக்கும் குறைவான நீளமும் 530 மீட்டரும் திரையில் ஒப்பிடத்தக்க நீளமாகவே தெரியும். சரியாக வரைந்த படத்திலும் இதே கதைதான்: 30 மீட்டர் அகலமும் 520 மீட்டர் நீளமும் சமமாகிவிடுவதால் நீண்ட தொட்டி அகன்ற முறம் போலவும், 11 டிகிரிச் சரிவு கடும் ஏற்றம் போலவும் ஆகிவிடும். நீங்கள் கேட்டால் ஒழிய, மூன்று அச்சுகளுக்கும் ஒரே அளவுகோலை அது வைக்காது. 'செட் வியூ ஈக்குவல் எக்ஸ்ஒய்இசட்' என்ற ஒரே வரியில் கேட்டுவிடலாம், தயவுசெய்து கேளுங்கள்.

துணையலகு என்றால் என்ன என்பதைக் கரும்பலகையைவிட அந்தத் தொலைநோக்கியே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது. நீளவாட்டில் யு, குறுக்குவாட்டில் வி என்று வைத்துக்கொள்ளுங்கள். வி மாறாதிருந்தால் கிடைப்பது ஒரு நேர்கோடு. அங்கே எதிரொளிப்பானாக இழுத்துக் கட்டியிருக்கும் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளில் ஒன்று அது. யு மாறாதிருந்தால் கிடைப்பது ஒரு பரவளையம். கம்பிகளைத் தாங்கும் 24 சட்டங்களில் ஒன்று. யு திசையில் ஐசோசாம்பிள்ஸை (பரப்பின்மேல் வரையும் கோடுகளின் எண்ணிக்கையை) 24 என்று வைத்தால், திரையில் தோன்றும் ஒவ்வொரு வளைவும் ஏறத்தாழ ஒரு சட்டத்தின் இடத்திலேயே விழும். எண்ணைக் கொடுக்காமல் விட்டால் அது 10 கோடுகளோடு நின்றுவிடும். வானத்தைப் பின்தொடரத் தொலைநோக்கியைப் பக்கவாட்டில் நன்றாகச் சாய்க்கும்போது, தரையின் ஒரே புள்ளிக்கு நேர்மேலே பரப்பு இரண்டு முறை வரக்கூடும்; உயரத்தை மட்டும் சார்பாக எழுதும் முறை அங்கே கைவிட்டுவிடும்.

இனியாவது செய்ய வேண்டியவற்றைச் செய்யுங்கள். 'செட் ஆங்கிள்ஸ் டிகிரீஸ்' என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். யு, வி இரண்டின் எல்லைகளையும் நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் மைனஸ் 5 முதல் 5 வரைதான், அதாவது 530 மீட்டர் தொலைநோக்கியில் பத்து மீட்டர்த் துண்டுதான் கிடைக்கும். பரவளையச் சமன்பாட்டில் வரும் கால் பங்கை 1/4 என்று எழுதாதீர்கள். இரண்டும் முழு எண்கள் என்பதால் க்னுபிளாட் அதைப் பூஜ்யமாக்கிவிடும், பரவளையம் தட்டைப் பலகையாகிவிடும். 1.0/4 என்று எழுதுங்கள். எத்தனை முறை சொல்லியும் இந்த ஒன்றைக் கேட்பாரில்லை.

அச்சுப்பிரதி எடுக்கும் முன் ஒரே ஒரு புள்ளியைக் கையால் கணக்கிடுங்கள். யு 530, வி பூஜ்யம் என்றால் வடக்கே 520, கிழக்கே பூஜ்யம், உயரம் 101 வர வேண்டும். அந்தக் கணக்கைப் படத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வாருங்கள். அது இல்லாத தாளை அடுத்த வகுப்பிலிருந்து நான் வாங்கப்போவதில்லை.