மாண்ட்ரிவா லினக்ஸ் போய்ப் பத்தாண்டு தாண்டிவிட்டது. உங்கள் கணினிக்குத் தெரியுமா?

"தம்பி, அது லினக்ஸ். அதற்கு வைரஸ் எல்லாம் வராது" என்றார் செயலாளர்.

படிப்பகம் ஒன்றையும், ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகையையும் நடத்திவரும் சிறிய அறக்கட்டளை அது. 2024 ஆடி மாதம் அங்கே என்னை அழைத்ததற்குக் காரணம் இரைச்சல்தான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கணினியின் விசிறி இரவு பகலாகக் கத்துகிறதாம். திரையைப் போட்டதும் எனக்குப் பழைய நண்பரைப் பார்த்தது போலிருந்தது. நீலப் பின்னணியில் மஞ்சள் நட்சத்திரம். மாண்ட்ரிவா 2011. விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் லினக்ஸைப் பல குழுக்கள் தம் பெயரில் தொகுத்து வெளியிடுகின்றன; அவற்றில் ஒன்று இது.

உறவுக்காரப் பையன் ஒருவன் நிறுவிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். அன்றிலிருந்து அதுதான் அலுவலகத்தின் கோப்புக் கிடங்கு. மற்ற மூன்று விண்டோஸ் கணினிகளும் இதில்தான் எழுதி எடுத்துக்கொண்டிருந்தன. பதின்மூன்று ஆண்டுகளில் ஒருநாள்கூடப் படுக்கவில்லை என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார். உண்மைதான். அதனால்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து எந்த நிரல் எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்தேன். பொருளில்லாத எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு ஒரு நிரல், செயலியின் இரண்டு கருக்களையும் முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது. எவருக்காகவோ, பிட்காயின் போன்ற மின்னாணயத்தைக் கணக்குப் போட்டுத் தோண்டிக்கொண்டிருக்கிறது. மின்கட்டணம் மட்டும் அறக்கட்டளையின் கணக்கில்.

கதவு எது என்று தேட வெகுநேரம் ஆகவில்லை. பகிர்வுக் கோப்புறைக்குக் கடவுச்சொல் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். வீட்டிலிருந்து கோப்பு பார்ப்பதற்காக ரவுட்டரிலும் ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தார்கள். விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிர லினக்ஸில் இருக்கும் நிரலின் பெயர் சாம்பா. அதில் ஒரு பெரிய ஓட்டை 2017 மே மாதம் வெளிவந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகத்தை ஆட்டிவைத்த அதே மாதம் என்பதால் இதற்குச் சாம்பாக்ரை என்று பெயர் வைத்தார்கள். 2010 மார்ச்சில் வந்த 3.5 பதிப்பு முதல் எல்லாவற்றிலும் அந்த ஓட்டை இருந்தது. எழுத அனுமதியுள்ள கோப்புறை ஒன்று கிடைத்தால் போதும். தாக்குபவர் தன் நிரலை அதில் போட்டு, கணினியையே அதை இயக்கவைத்துவிடலாம். நாணயம் தோண்டும் கும்பல்கள் அடுத்த சில வாரங்களிலேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கின.

திருத்தம் உடனே வந்தது. உயிரோடிருந்த லினக்ஸ் வெளியீடுகள் அதைத் தம் பயனர்களுக்கு அனுப்பிவைத்தன. மாண்ட்ரிவாவின் சார்பில் அனுப்புவதற்கு ஆளில்லை. அந்த நிறுவனம் 2015 மே மாதமே கலைக்கப்பட்டுவிட்டது. எதற்கும் பார்ப்போம் என்று புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றது.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. 1998 ஜூலையில் பிரான்ஸில் கேல் டுவால் என்ற இளைஞர், ரெட் ஹேட் 5.1 என்ற லினக்ஸை எடுத்து, கேடிஇ என்ற அழகிய மேசைத்தளத்தைச் சேர்த்து, மாண்ட்ரேக் லினக்ஸ் என்று வெளியிட்டார். லினக்ஸை நிறுவுவதே ஒரு தவம் என்றிருந்த காலத்தில், அதன் பின்வந்த பதிப்புகளைச் சுட்டியைச் சொடுக்கியே நிறுவ முடிந்தது ஓர் அதிசயம். தமிழ்க் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குப் பெயரைக் கேட்டதும் மந்திரவாதி மாண்ட்ரேக் நினைவுக்கு வருவார். அந்த மந்திரவாதிக்கு உரிமையுள்ள ஹெர்ஸ்ட் நிறுவனத்துக்கும் வந்தது, வழக்குப் போட்டார்கள். 2004இல் பிரெஞ்சு நீதிமன்றம் ஹெர்ஸ்ட் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பிரேசிலின் கொனெக்டிவா என்ற லினக்ஸ் நிறுவனத்தை வாங்கியபோது இரண்டு பெயர்களையும் ஒட்டி மாண்ட்ரிவா ஆக்கினார்கள். 2006இல் நிறுவனரையே ஆட்குறைப்பில் அனுப்பினார்கள். பணமுடை மட்டும் கடைசிவரை விடவில்லை. 2010இல் வேலையிழந்தவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து அதே நிரல்களிலிருந்து மகேயா என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. ஓப்பன்மாண்ட்ரிவா என்று இன்னொரு கிளையும் இருக்கிறது.

"திறந்த மூல மென்பொருளுக்குச் சாவே கிடையாது" என்று எங்கள் வட்டாரத்தில் மார்தட்டுவோம். நிரலை யார் வேண்டுமானாலும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பதால். நானும் தட்டியவன்தான். நிரலுக்குச் சாவில்லை, சரி. ஆனால் பீரோ ஓரத்தில் இருக்கும் கணினிக்கு மகேயாவின் முகவரி தெரியாதே! விண்டோஸ் என்றால், புதியதை வாங்கு என்று திரையில் வந்து நச்சரிக்கும். கைவிடப்பட்ட லினக்ஸ் நச்சரிக்காது. எச்சரிக்கை அனுப்ப வேண்டிய வழங்கியும் (சர்வர்) சேர்ந்தே போய்விடுகிறது. கணினியோ வழக்கம்போல் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

பழையது பாதுகாப்பானது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. 2014இல் பேசப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை, இணையத் தொடர்பை மறைத்துக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் 1.0.1 பதிப்பில்தான் நுழைந்தது, அதற்கு முந்தைய பதிப்பில் நின்றுவிட்ட கணினிகள் தப்பின. ஆனால் அதே ஆண்டு வெளிவந்த ஷெல்ஷாக், கட்டளைகளை இயக்கும் பாஷ் நிரலில் சுமார் இருபத்தைந்து ஆண்டுகளாக இருந்த ஓட்டை. ஒன்றில் தப்பியது அதிர்ஷ்டம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

அறக்கட்டளைக் கணினிக்கு வருகிறேன். இவ்வளவும் பார்த்த பிறகு வலைக்கம்பியைப் பிடுங்கினேன். பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை ஏற்றி, ஆவணங்களை மட்டும் வெளி வட்டுக்கு எடுத்தேன். நிரல் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பழைய வட்டை முழுக்கத் துடைத்துவிட்டு டெபியன் 12 என்ற லினக்ஸை நிறுவினேன். ரவுட்டர் வழியை அடைத்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம். மற்ற மூன்று கணினிகளைச் சோதிக்க இன்னொரு நாள் போயிற்று.

இதில் மனதுக்கு நிறைவான இடம் ஒன்று. பதின்மூன்று ஆண்டு உதவித்தொகைப் பட்டியல்கள், லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் எழுதியவை, புதிய அமைப்பில் ஒரு வரி பிசகாமல் திறந்தன. க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் இருந்த வரவுசெலவும் அப்படியே. அமைப்பு போனாலும் கோப்பின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்ததால் தப்பித்தார்கள். அந்தப் பையனுக்கு இதற்காக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம், 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிக்கு லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். போடுங்கள், நல்ல முடிவு. திரையழகைப் பார்ப்பதற்கு முன், பின்னால் இருப்பது யார், ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். பெரிய பெயர் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். இன்டெல் நிறுவனத்தின் கிளியர் லினக்ஸ், 2025 ஜூலை 18 அன்று அறிவித்து அன்றே நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் அவகாசம்கூட இல்லை. தேதி போட்டுத் தராத அமைப்பை அலுவலகக் கணினியில் நான் நிறுவுவதில்லை. வீட்டில் விளையாட எதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது செயலாளர் கேட்டார்: "இது எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் தம்பி?"

"2028 ஜூன் 30 வரைக்கும் திருத்தங்கள் வரும், ஐயா. அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாற்றிவிட வேண்டும்."

மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்தார். தேதியைப் பெரிதாக எழுதி, யுபிஎஸ் பேட்டரி மாற்றிய தேதி ஒட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பசை தடவி ஒட்டினார்.