மண்வள அட்டையில் முதலில் பார்க்க வேண்டிய எண்: கடலூர் உழவர்களுக்கு ஒரு விளக்கம்

கடலூர் மாவட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்களில் பலருடைய வீட்டில் மண்வள அட்டை ஒன்று இருக்கிறது. சிட்டா நகலோடும் வங்கிப் புத்தகத்தோடும் ஒரே பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் அந்தத் தாளை, உரக்கடைக்குப் புறப்படும் நாளில் எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளுக்கான மூட்டைக் கணக்கை மட்டும் படித்துவிட்டு மடித்துவிடுகிறார்கள். ஆனால் வாங்கும் உரத்தில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் எண் அதே தாளில் இன்னொரு கட்டத்தில் இருக்கிறது. கார அமில நிலை (pH) என்று குறிக்கப்படும் அந்த எண்ணை எப்படிப் படிப்பது, அது நமக்குப் பாதகமாக இருந்தால் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

மண்வள அட்டைத் திட்டத்தை ஒன்றிய அரசு 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் தொடங்கியது. முதல் சுழற்சி 2015 முதல் 2017 வரையும், இரண்டாவது 2017 முதல் 2019 வரையும் நடந்தன. மாநில வேளாண்மைத் துறைதான் மண் மாதிரி எடுத்து, ஆய்வு செய்து, அட்டையை வழங்குகிறது. உழவர் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அட்டையில் 12 அளவுகள் இருக்கும். கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன், அங்ககக் கரிமம் ஆகிய மூன்றும் மண்ணின் தன்மையைச் சொல்பவை. தழை, மணி, சாம்பல், கந்தகம் ஆகிய நான்கும், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்து நுண்ணூட்டங்களும் மீதமுள்ளவை.

கார அமில நிலை 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பெரும்பாலான பயிர்கள் 6.5 முதல் 7.5 வரையுள்ள மண்ணில் சத்துகளை நன்றாக எடுத்துக்கொள்கின்றன. இந்த எண் சாதாரண அளவுகோல் போன்றதன்று. ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது, ஆகவே 5 என்று காட்டும் மண் 6 என்று காட்டும் மண்ணைவிடப் பத்து மடங்கு அமிலமானது. 5.5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கத் தொடங்குகிறது. இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அப்போது மணிச்சத்து தரும் டிஏபி உர மூட்டைகளைக் கூட்டிப் போட்டாலும் அதில் பெரும்பகுதி மண்ணிலேயே சிறைப்பட்டுவிடும். பயறு வகைகளிலும் மல்லாட்டையிலும் (நிலக்கடலை) வேர் முடிச்சுகளுக்குத் தேவையான மாலிப்டினமும் அமில மண்ணில் கிடைப்பது குறைகிறது.

நம் மாவட்டம் ஒரே வகை மண்ணால் ஆனதன்று. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, வடலூர் பக்கங்களில் முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண், செம்பொறை மேட்டு நிலங்களில் மழைநீர் சுண்ணச்சத்தையும் (கால்சியம்) மக்னீசியத்தையும் காலங்காலமாகக் கழுவி இறக்கியிருப்பதால் அங்கே மண் அமிலத்தின் பக்கம் சாய்வதற்கு வாய்ப்பு அதிகம். வீராணம் ஏரிப் பாசனத்தில் வரும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் களிமண் நஞ்சைகளில் சிக்கல் வேறு. கடலோரத்தில் உப்பும், சில இடங்களில் சோடியம் மிகுந்த களரும்தான் தொல்லை. தவிரவும், நெல் வயலில் நீர் தேங்கி நிற்கும்போது அமில மண்ணின் நிலை தானாகவே நடுநிலையை நோக்கி நகர்வதால், மேட்டுக் கொல்லையில் பயிரைப் பாதிக்கும் அதே எண் நடவு வயலில் அவ்வளவு பாதிப்பதில்லை. பக்கத்து ஊர்க்காரர் சுண்ணாம்பு போட்டார் என்பதற்காக நாமும் போடக்கூடாது என்பது இதனால்தான்.

அட்டையின் பொதுப் பரிந்துரையில் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம் என்று ஒரே வரியாக வருவதுண்டு. இந்த வரியால் விளையும் குழப்பமே என்னை அதிகம் வருத்துகிறது. ஜிப்சம் அமிலத்தைப் போக்காது. அது சுண்ணச்சத்தும் கந்தகமும் தரும். களர் மண்ணில் சோடியத்தை வெளியேற்ற உதவும். அமிலத்தைத் தணிப்பது சுண்ணாம்புக்கல் தூளும், டோலமைட்டும், நம் கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்தான். மல்லாட்டைக் கொல்லையில் ஜிப்சத்துக்கு உள்ள வேலை தனியானது: பூ கருவுற்றபின் மண்ணுக்குள் இறங்கும் விழுதும், அதன் நுனியில் திரளும் காயும், தமக்கு வேண்டிய சுண்ணச்சத்தை வேர் வழியாகப் பெறாமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகின்றன. அங்கே அது இல்லையென்றால் மேலே செடி பச்சையாக இருந்தாலும் பிடுங்கிப் பார்க்கும்போது காய் பொக்காக இருக்கும். இறவை மல்லாட்டைக்கு விதைத்த 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடச் சொல்வது அதற்காகவே. அமில மண்ணாக இருந்தால் விதைப்புக்கு முன் சுண்ணாம்பு ஒரு வேலை, காய் பிடிக்கும்போது ஜிப்சம் வேறொரு வேலை. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

சுண்ணாம்பின் அளவை அட்டையிலுள்ள எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரே எண் காட்டினாலும் மணற்பாங்கான நிலத்துக்குக் குறைவாகவும் களிமண்ணுக்கு அதிகமாகவும் தேவைப்படும்; இதற்கெனச் சுண்ணாம்புத் தேவை ஆய்வு உண்டு. ஒரு டன் சுண்ணாம்புக்கல் தூள் செய்யும் வேலையை ஏறத்தாழ 560 கிலோ சுட்ட சுண்ணாம்போ 740 கிலோ நீற்றிய சுண்ணாம்போ செய்துவிடும். நன்றாகப் பொடித்து, உழவோடு மண்ணில் கலந்து, யூரியா போன்ற உரங்களை இடுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். சேர்த்து இட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். அளவுக்கு மிஞ்சினால் துத்தநாகமும் இரும்பும் போரானும் கிடைக்காமல் பயிர் வெளுக்கும். அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து இடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 100 கிலோ உரம் உண்டாக்கும் அமிலத்தைத் தணிக்கச் சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும்.

இனி, உங்கள் அட்டை உங்கள் கொல்லையைத்தான் சொல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்றே மாதிரி எடுக்கப்பட்டது. 10 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 25 ஏக்கர்; முந்திரி மேடும் அதன் கீழுள்ள பள்ளமும் அதற்குள் அடங்கிவிடலாம். ஐயமிருந்தால் சொந்தமாக மாதிரி எடுத்து, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் வழியாகவோ நேராகவோ மண் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம். புதுச்சேரியில் உள்ளவர்கள் குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

அறுவடை முடிந்து, அடுத்த உரம் இடுவதற்கு முன் மாதிரி எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றை விட்டுவிட்டு, 10 முதல் 15 இடங்களில் மேற்குப்பையை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சரிவை மேலிருந்து கீழ்வரை சீராகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இடவும். மேடும் பள்ளமும் இருந்தால் தனித்தனி மாதிரி வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 206 கோடி ரூபாயில் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாளுர விதையோடு களர், அமில நில மேம்பாட்டுக்கும் இடமுண்டு. அதில் உங்கள் வட்டாரத்துக்கு என்ன ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். பைக்குள் வைக்கும் சீட்டில் பெயர், புல எண், முந்தைய பயிர், அடுத்த பயிர் ஆகியவற்றோடு, சுண்ணாம்புத் தேவையையும் கணக்கிட்டுத் தருமாறு ஒரு வரி எழுதிவிடுங்கள். முடிவு வந்ததும், இட வேண்டியது சுண்ணாம்பா ஜிப்சமா, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பதை அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.